சீட்டுக்கட்டின் சரித்திரம் – 19: முப்பத்தெட்டுச் சொற்கள்

பிரிட்ஜ் ஏலத்தில் ஒருவர் வாயைத் திறந்து சொல்லக்கூடியவை மொத்தம் 38. 'ஒரு கிளாவர்' தொடங்கி 'ஏழு நோ டிரம்ப்' (துருப்பே இல்லாத ஆட்டம்) வரை 35 கேள்விகள். அவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள். இதற்கு மேல் ஒரு கனைப்போ புருவ அசைவோ கூட ஆகாது. ஆனால் 52 சீட்டிலிருந்து ஒருவர் கைக்கு வந்து சேரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகளோ 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளிக்குத் தன் கையை விளக்க ஆட்டக்காரரிடம் இருப்பது அந்த 38 சொல் அகராதிதான்.

முந்நூற்று நாலும் இருபத்தெட்டும் ஆடியவர்களுக்கு ஏலம் கேட்பது புதிதல்ல. அங்கே 'நூற்றெழுபது' என்று கேட்டால் அது நூற்றெழுபதுதான். கேட்டவர் அத்தனை எடுக்க வேண்டும், அவ்வளவே. பிரிட்ஜிலும் அடிப்படை இதுவே. 'இரண்டு இஸ்பேட்' என்றால், இஸ்பேட்டைத் துருப்பாக வைத்து, ஆறுக்கு மேல் இரண்டு, அதாவது எட்டுப் பிடிகள் எடுப்பதாக வாக்கு. ஆனால் பிரிட்ஜில் கேள்விக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஏலத்தில் வைக்கும் தொகையாகவும் கூட்டாளிக்குச் சொல்லும் சேதியாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. சேதி பெரிதாகித் தொகை சிறிதாகிப்போன கேள்விகளே கன்வென்ஷன்கள். 'இரண்டு கிளாவர்' என்று ஒருவர் சொல்கிறார். அவர் கையில் கிளாவர் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். சொன்னவருக்கும் கூட்டாளிக்கும் முன்கூட்டியே ஓர் உடன்பாடு இருக்கிறது, அதனால் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த உடன்பாட்டை எதிரணிக்கும் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். சங்கேத மொழி பேசலாம். அகராதியை எதிரியிடம் கொடுத்துவிட்டுத்தான் பேசலாம்.

கன்வென்ஷன்களில் முதலில் வேரூன்றியது டபுள். அதன் இயல்பான பொருள், 'நீ கேட்டதை உன்னால் எடுக்க முடியாது, தண்டனையை இரட்டிப்பாக்குகிறேன்' என்பது. காண்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு முந்தைய ஆக்‌ஷன் பிரிட்ஜ் காலத்தில், 1912க்கும் 1915க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், செயின்ட் லூயிஸைச் சேர்ந்த பிரையன்ட் மெக்கேம்பலும் நியூயார்க்கைச் சேர்ந்த மேஜர் சார்லஸ் பாட்டனும், ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமலே, அதற்கு ஒரு மறுபொருள் கண்டார்கள். எதிரணி 'ஒரு இஸ்பேட்' என்ற தாழ்ந்த கேள்வியோடு ஏலத்தைத் திறந்தால், அதைத் தண்டிக்க நினைப்பவர் அபூர்வம். அப்படியானால் அந்த இடத்தில் டபுள் என்ற சொல் சும்மா கிடக்கிறது. அதையே, 'என் கை நல்ல கை, மற்ற இனங்களுக்கு ஆதரவு உண்டு, உனக்கு நீளமான இனத்தை நீ சொல்' என்பதற்குப் பயன்படுத்தினால் என்ன? இன்றும் உலகம் முழுக்க ஆடுபவர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்கும் கன்வென்ஷன் இது. சும்மா கிடக்கும் சொல்லைத் தேடி வேலை கொடுப்பது என்ற இந்த உத்தியே பின்னால் வந்த அத்தனைக்கும் மூலம்.

ஆக்‌ஷன் பிரிட்ஜில் கன்வென்ஷன்களுக்குப் பெரிய தேவை இருக்கவில்லை. காரணம் கணக்கு எழுதும் முறை. இரண்டு இஸ்பேட் கேட்டுப் பத்துப் பிடி எடுத்தாலும், நான்கு இஸ்பேட் கேட்டுப் பத்துப் பிடி எடுத்தாலும் ஆட்டத்துக்குக் கிடைக்கும் மதிப்பு ஒன்றே. ஏலத்தை எவ்வளவு குறைவாக முடிக்கலாமோ அவ்வளவு லாபம். பிறகு எதற்குக் கூட்டாளியிடம் நீட்டி முழக்க வேண்டும்?

இதை மாற்றியவர் ஹரால்ட் வாண்டர்பில்ட். ரயில்வே கோடீஸ்வரக் குடும்பத்து வாரிசு, பாய்மரப் படகோட்டத்தில் பெயர் எடுத்தவர். 1925 இலையுதிர் காலத்தில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானா போகும் 'ஃபின்லாண்ட்' கப்பலில், மூன்று நண்பர்களோடு புதிய கணக்கு முறை ஒன்றைப் பரீட்சித்துப் பார்த்தார். கேட்ட பிடிகளுக்கு மட்டுமே ஆட்டப் புள்ளி. கேட்காமல் எடுத்த உபரி, ஓரத்தில் எழுதும் சில்லறை. இஸ்பேட்டிலும் ஆர்ட்டினிலும் பிடிக்கு 30, டைமண்டிலும் கிளாவரிலும் 20, நோ டிரம்ப்பில், இன்றைய கணக்கின்படி, முதல் பிடிக்கு 40, அப்புறம் 30. நூறு சேர்ந்தால் ஒரு 'கேம்'. எனவே நான்கு இஸ்பேட்டோ மூன்று நோ டிரம்ப்போ கேட்டாக வேண்டும். ஒரு கேம் ஜெயித்த அணிக்குத் தண்டனை கூடும் என்ற விதியும் இருந்தது. அந்த நிலைக்கு 'வல்னரபிள்' என்று பெயர் கொடுத்தவர் அதே கப்பலில் வந்த ஓர் இளம்பெண் என்று வாண்டர்பில்ட் எழுதியிருக்கிறார்; அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை.

கணக்கு மாறியதும் ஏலத்தின் குணமே மாறிவிட்டது. பத்துப் பிடி கிடைக்குமா என்பதைச் சீட்டு இறங்குவதற்கு முன்பே, இரண்டு பேர், 26 சீட்டில் ஆளுக்குப் பாதியைத்தான் பார்த்திருக்கும் நிலையில், கண்டுபிடித்தாக வேண்டும். பன்னிரண்டு பிடியான ஸ்லாமும் பதின்மூன்று பிடியான கிராண்ட் ஸ்லாமும் கேட்டு எடுத்தால் பெரும் வெகுமதி; கேட்காமல் எடுத்தால் ஒன்றுமில்லை. கப்பலிலிருந்து இறங்கிய வாண்டர்பில்ட்டே முதல் முழு ஏல முறையையும் அமைத்தார். அவர் முறையில் 'ஒரு கிளாவர்' என்பது பலமான கை என்ற அறிவிப்பு மட்டுமே. கிளாவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூட்டாளி பலவீனமாக இருந்தால் 'ஒரு டைமண்ட்' என்பார். அதற்கும் டைமண்டுக்கும் சம்பந்தமில்லை. 1929இல் புத்தகமாகவும் வந்தது. வாங்கிப் படித்தார்களே தவிர, ஆடியவர்கள் குறைவு. கிளாவர் இல்லாமல் கிளாவர் கேட்பது அந்தக் காலத்தவருக்குப் பொய் சொல்வதுபோல் இருந்தது. நாற்பது ஆண்டுகள் முன்பே பிறந்துவிட்ட முறை அது.

பொதுமக்களைப் பிடித்தவர் வேறொருவர். ஈலி கல்பர்ட்சன், அமெரிக்கச் சுரங்கப் பொறியாளருக்கும் ரஷ்யத் தாய்க்கும் 1891இல் ருமேனியாவில் பிறந்தவர். 1929 அக்டோபரில் 'தி பிரிட்ஜ் வேர்ல்ட்' பத்திரிகையைத் தொடங்கினார். 1930இல் 'ப்ளூ புக்' எழுதினார். விளம்பரக் கலையில் அவருக்கு நிகர் அந்த ஆட்டத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1929 செப்டம்பரில் கன்சாஸ் சிட்டியில் நான்கு இஸ்பேட் ஆடித் தோற்ற ஜான் பென்னட்டை அவர் மனைவி மர்ட்டில் சுட்டுக் கொன்று, 1931இல் விடுதலையானார். அந்தக் கை என்று பத்திரிகைகளில் வெளியான சீட்டுகளையும் கல்பர்ட்சன் அலசி, தன் முறைப்படி ஏலம் கேட்டிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார் என்ற தொனியில் எழுதினார்.

அந்த வாய்ச்சவடாலுக்கு அடியில் உருப்படியான ஒரு கருத்தும் இருந்தது. அதுதான் 'ஃபோர்சிங்', கட்டாயக் கேள்வி. சில கேள்விகளுக்குப் பிறகு கூட்டாளி பாஸ் சொல்லவே கூடாது என்று இருவரும் ஒப்புக்கொள்வது. வெளியே பார்த்தால் சாதாரண உடன்பாடு. ஆனால் அதுவரை பலமான கை வந்தவர், கூட்டாளி எங்கே பாஸ் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் ஒரேயடியாக உச்சிக்குத் தாவிக்கொண்டிருந்தார். பாஸ் வராது என்று உறுதி கிடைத்ததும், ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் ஒரு சேதி சொல்ல முடிந்தது. நிதானமாக நெருங்குவதும் கூட்டாளியைக் கட்டிப்போடுவதும் சேர்ந்த முறை என்பதால் 'அப்ரோச் ஃபோர்சிங்' என்றே அதற்குப் பெயர். இன்று யாரும் கல்பர்ட்சன் முறையை ஆடுவதில்லை. கட்டாயக் கேள்வி இல்லாமல் இன்று எந்த முறையும் இல்லை.

இங்கிலாந்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. லெஃப்டினன்ட் கர்னல் வால்டர் புல்லர் என்பவர் 'பிரிட்டிஷ் பிரிட்ஜ்' என்ற கொடியைத் தூக்கினார். கையில் இருப்பதை நேராகக் கேட்பதே கண்ணியம், கன்வென்ஷன் என்பதெல்லாம் குறுக்கு வழி என்பது அவர் கட்சி. அமெரிக்கர்களை வெளுத்துவாங்குவேன் என்று சவாலும் விட்டார். 1930 செப்டம்பரில் லண்டன் ஆல்மாக்ஸ் கிளப்பில் 200 கைகள் ஆடப்பட்டன. கல்பர்ட்சன், மனைவி ஜோசஃபின், தியோடர் லைட்னர், வால்டமார் ஃபான் செட்விட்ஸ் ஆகிய நால்வர் அணி 4,845 புள்ளிகளில் வென்றது. இரு மேசைகளிலும் ஒரே சீட்டுகள் ஆடப்பட்ட போட்டி என்பதால், சீட்டு சரியில்லை என்று சாக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

இதைவிடப் பெரிய ஆரவாரம் அடுத்த ஆண்டில். அமெரிக்காவின் பழைய தலைமுறை நிபுணர்கள் ஒன்றுகூடி 'அதிகாரபூர்வ முறை' என்று ஒன்றை அறிவித்தார்கள். அந்தத் தரப்புக்காக சிட்னி லென்ஸ், கல்பர்ட்சனோடு 150 ரப்பர்கள் (மூன்றில் இரண்டு கேம் வென்றால் ஒரு ரப்பர்) ஆட ஒப்புக்கொண்டார். ஆட்டம் 1931 டிசம்பரில் நியூயார்க் சாத்தம் ஹோட்டலில் தொடங்கி, வால்டார்ஃப் அஸ்டோரியாவில் முடிந்தது. நடுவராக இருந்த இளம் லெஃப்டினன்ட் ஆல்ஃப்ரட் க்ரூன்தர் பிற்காலத்தில் நேட்டோ படைகளின் தலைமைத் தளபதியானார். நாளிதழ்கள் ஒவ்வொரு கையையும் போர்ச் செய்திபோல் அச்சிட்டன. ஏலம் புரியாமல் லென்ஸ் தன் கூட்டாளி ஆஸ்வால்ட் ஜாக்கோபியைக் கடிந்துகொள்ள, 103ஆவது ரப்பரோடு ஜாக்கோபி எழுந்து போய்விட்டார். முடிவில் கல்பர்ட்சனுக்கு 8,980 புள்ளி முன்னிலை. எந்த முறை மேல் என்பதற்கு இது சாட்சியாகாது. ரப்பர் ஆட்டத்தில் யாருக்கு என்ன சீட்டு வரும் என்பது அதிர்ஷ்டம். ஆனால் புதுக் கூட்டாளியோடு அரைகுறை உடன்பாட்டில் உட்கார்ந்தால் எப்படிச் சண்டை வரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

கன்வென்ஷன்களின் பொற்காலம் இதற்குப் பின்னர்தான். அதிகம் பேர் அறிந்த கன்வென்ஷனைத் தந்தவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல. இண்டியானாபொலிஸ் நகரத்து இன்ஷூரன்ஸ்காரர் ஈஸ்லி பிளாக்வுட். ஸ்லாம் கேட்பதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டியது, எதிரணி கையில் எத்தனை ஏஸ் இருக்கிறது என்பதே. 1933இல் பிளாக்வுட் அதற்கு வழி சொன்னார். துருப்பு முடிவான பிறகு ஒருவர் 'நான்கு நோ டிரம்ப்' என்கிறார். அந்த உயரத்தில் அதை உண்மையான ஒப்பந்தமாக யாரும் விரும்பமாட்டார்கள். சும்மா கிடக்கும் சொல். கூட்டாளியிடம் ஏஸ் இல்லையென்றால், அல்லது நான்கும் இருந்தால், 'ஐந்து கிளாவர்'. ஒன்றென்றால் 'ஐந்து டைமண்ட்'. இரண்டென்றால் 'ஐந்து ஆர்ட்டின்'. மூன்றென்றால் 'ஐந்து இஸ்பேட்'. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

எர்னஸ்ட் வோர்ம்வுட் என்ற புனைபெயரில் இதை எழுதி 'தி பிரிட்ஜ் வேர்ல்ட்' பத்திரிகைக்கு அனுப்பினார். பத்திரிகை போடவில்லை. கல்பர்ட்சனிடம் சொந்தமாகவே ஒரு நான்கு நோ டிரம்ப் கன்வென்ஷன் இருந்தது. அவருடையதில் 'நான்கு நோ டிரம்ப்' என்று சொல்பவரிடம் மூன்று ஏஸ்களோ, இரண்டு ஏஸ்களும் ஏலத்தில் வந்த இனத்தின் ராஜாவுமோ இருந்தாக வேண்டும். அதாவது சொல்பவர் தன் கையை விவரிக்கிறார். பிளாக்வுட்டில் சொல்பவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கூட்டாளியை விசாரிக்கிறார், முடிவும் அவரே எடுக்கிறார். விவரிப்பதா, விசாரிப்பதா என்ற இந்த வேறுபாடு ஏலக் கலை முழுவதையும் இரண்டாகப் பிரிக்கிறது. பிளாக்வுட் வாய்வழியாகவே பரவி, கல்பர்ட்சனுடையதைக் காணாமல் அடித்தது. எளிமையே அதன் கேடும் ஆயிற்று. எத்தனை ஏஸ் என்று அது சொல்லும், எந்த ஏஸ் என்று சொல்லாது. ஏதோ ஓர் இனத்தில் இரண்டு பிடிகள் உடனே பறிபோகும் நிலையில் இருக்கும் கைக்கு அந்த விசாரணையால் பயனே இல்லை. ஆனாலும் ஸ்லாம் வாசனை அடித்தவுடன் நான்கு நோ டிரம்ப்புக்கு ஓடாத கிளப் ஆட்டக்காரர் குறைவு. பிற்காலத்தில் துருப்பு ராஜாவையும் ஐந்தாவது ஏஸாக எண்ணும் 'கீ கார்ட்' வடிவம் வந்து பாதிக் குறையைத் தீர்த்தது.

ஸ்டேமன் கன்வென்ஷனை ஒரு கையை வைத்துப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் கட்டு முழுவதிலும் 40 புள்ளி. இரு கைகளும் சேர்ந்து 26 இருந்தால் பெரும்பாலும் கேம் உண்டு. ஒருவர் 'ஒரு நோ டிரம்ப்' என்று திறக்கிறார்: சமச்சீரான கை, 15 முதல் 17 புள்ளி. அவர் கையில் இஸ்பேட் ஏஸ், ஜாக்கி, 8, 4. ஆர்ட்டின் ராணி, 7. டைமண்ட் ஏஸ், ராஜா, 6. கிளாவர் ராணி, 9, 5, 2. மொத்தம் 16. கூட்டாளி கையில் இஸ்பேட் ராஜா, ராணி, 6, 2. ஆர்ட்டின் 8, 5. டைமண்ட் ராணி, 9, 7, 4. கிளாவர் ராஜா, ஜாக்கி, 3. மொத்தம் 11. கூட்டினால் 27, கேம் இருக்கிறது. ஆனால் எந்தக் கேம்? கண்ணை மூடிக்கொண்டு மூன்று நோ டிரம்ப் கேட்டால், எதிரணி ஆர்ட்டினில் இறங்கும். இந்தப் பக்கம் ஆர்ட்டின் மொத்தமே நான்கு. அதில் பெரியது ராணி. மிச்சம் ஒன்பதும் அவர்களிடம். வரிசையாக ஐந்து பிடி போனால் கதை முடிந்தது.

கூட்டாளி 'இரண்டு கிளாவர்' என்கிறார். பொருள்: இஸ்பேட்டோ ஆர்ட்டினோ நான்கு சீட்டு உன்னிடம் உண்டா? இல்லையென்றால் பதில் 'இரண்டு டைமண்ட்'. இங்கே 'இரண்டு இஸ்பேட்' என்று பதில் வருகிறது. உடனே 'நான்கு இஸ்பேட்'. எட்டு இஸ்பேட்டும் சேர்ந்துவிட்டன. ஆர்ட்டினில் இரண்டு பிடி போகும், மூன்றாவது ஆர்ட்டினைத் துருப்பால் வெட்டலாம். கிளாவர் ஏஸுக்கு ஒன்று போகும். எதிரணியின் ஐந்து துருப்புகள் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருந்தால், மிச்சம் பத்தும் கைக்கு வரும். இவ்வளவும் இரண்டு கிளாவர் என்ற, யாரும் ஆசைப்படாத ஒரு தாழ்ந்த ஒப்பந்தத்தைப் பலிகொடுத்து வாங்கியது.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டேமன் அல்லர். சாம் ஸ்டேமனின் கூட்டாளி ஜார்ஜ் ராப்பே நியூயார்க்கில் வகுத்ததை, ஸ்டேமன் 1945இல் 'தி பிரிட்ஜ் வேர்ல்ட்' இதழில் எழுதினார். அதற்கு முன்பே லண்டனில் ஜாக் மார்க்ஸ் இதே ஏற்பாட்டை யோசித்துவைத்திருந்தார். அவர் கட்டுரை அச்சேறியது 1946இல். அச்சில் முந்தியவர் பெயரே நிலைத்தது. ஜாக்கோபி டிரான்ஸ்ஃபருக்கும் இதே கதி. 'இரண்டு டைமண்ட்' என்றால் ஆர்ட்டின், 'இரண்டு ஆர்ட்டின்' என்றால் இஸ்பேட் என்று, ஒரு படி கீழே உள்ள இனத்தைச் சொல்லிக் கூட்டாளியை மேலே ஏற்றும் அந்த ஏற்பாட்டை ஸ்வீடனில் ஒல்லே வில்னர் எழுதிய பிறகே, 1956இல் அமெரிக்காவில் ஆஸ்வால்ட் ஜாக்கோபி எழுதினார். லென்ஸை விட்டு எழுந்துபோன அதே ஜாக்கோபி. பலமான கை மேசையில் டம்மியாக விரிக்கப்படாமல் ஒளிந்திருக்கும் என்பதும், எதிரணியின் முதல் சீட்டு அதை நோக்கி வரும் என்பதும் டிரான்ஸ்ஃபரின் லாபம். 1957இல் ஆல்வின் ராத்தும் டோபியாஸ் ஸ்டோனும் புதுவகை டபுள் ஒன்றைக் கொண்டுவந்தபோது, அந்த ஆண்டு விண்ணுக்குப் போன ரஷ்யச் செயற்கைக்கோளின் பெயரால் அதை 'ஸ்புட்னிக்' என்று அழைத்தார்கள்.

இதற்கிடையே லட்சக்கணக்கான சாதாரண ஆட்டக்காரர்களுக்குப் பொது மொழி ஒன்றைத் தந்தவர் சார்லஸ் கோரன். மேலே சொன்ன 4-3-2-1 கணக்கு அவர் கண்டது அல்ல. மில்டன் வொர்க் அதற்கு முன்பே பரப்பியிருந்தார். டொரோண்டோவின் காப்பீட்டுக் கணக்கியலாளர் வில்லியம் ஆண்டர்சனின் துணையோடு, இனங்களின் நீளம் குட்டைக்கும் புள்ளி சேர்த்து, 1949இல் கோரன் அதை ஒழுங்குபடுத்தினார். 1958இல் 'டைம்' வார இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. இதன் பயன், முன்பின் தெரியாத இருவர் ரயிலில் சந்தித்தாலும் 'கோரன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆட உட்காரலாம் என்பதே.

உலகப் போட்டிகளில் வெற்றி வேறு திசையிலிருந்து வந்தது. கார்ல் ஆல்பர்ட்டோ பெரூ உருவாக்கிய இத்தாலியின் 'ப்ளூ டீம்' 1957 தொடங்கி 1969 வரை பத்து முறை பெர்முடா பௌல் உலகக் கோப்பையை வென்றது. நேப்பிள்ஸின் எவ்ஜெனியோ கியரதியா அமைத்த நியாப்பொலிட்டன் கிளப் முறையில் 'ஒரு கிளாவர்' என்றால் பலமான கை. கூட்டாளியின் பதில் தன்னிடம் எத்தனை ஏஸ், ராஜா என்பதைச் சொல்லும். வாண்டர்பில்ட் சொன்னபோது சிரித்தவர்கள், அதையே இத்தாலியர் செய்தபோது பாடம் கேட்டார்கள். பெல்லடோன்னாவும் அவரெல்லியும் ஆடிய ரோமன் கிளப் இன்னும் விநோதம்: நீளமான இனத்தைப் பின்னுக்கு வைத்துக் குட்டையானதை முதலில் கேட்பது அதன் வழக்கம். ஷாங்காயில் பிறந்து அமெரிக்காவில் கப்பல் தொழில் செய்த சி.சி. வெய், பலமான கிளாவரை 16 புள்ளிக்கு இறக்கி 'பிரிசிஷன்' முறையை அமைத்தார். அதை ஆடிய தைவான் அணி 1969இலும் 1970இலும் பெர்முடா பௌலில் இரண்டாம் இடம் பிடித்தது. யாரும் கணக்கில் வைத்திராத அணி அது. சில ஆண்டுகளில் இத்தாலியின் பெல்லடோன்னாவும் கரோட்ஸோவுமே பிரிசிஷனைத் திருத்தி ஆடத் தொடங்கினார்கள்.

உடன்பாடுகள் இப்படிப் பெருகப் பெருக, எதிரணிக்கு அவற்றைச் சொல்லும் பொறுப்பு கனமாயிற்று. போட்டிக்கு வரும் ஒவ்வொரு ஜோடியும் தங்கள் ஏற்பாடுகளை எழுதிய அட்டையை மேசையில் வைக்க வேண்டும். கூட்டாளியின் கேள்விக்கு வழக்கத்துக்கு மாறான பொருள் இருந்தால் 'அலர்ட்' சொல்லி எதிரணியை உஷார்ப்படுத்த வேண்டும். அவர்கள் கேட்டால் விளக்க வேண்டும். 'எங்களுக்குள் புரியும்' என்ற பதில் செல்லாது. குரலின் ஏற்ற இறக்கமே சேதியாகிவிடுகிறது என்பதால், வாயால் சொல்வதை விட்டுவிட்டு அச்சிட்ட சீட்டை எடுத்துவைக்கும் ஏலப்பெட்டி ஸ்வீடனிலிருந்து பரவியது. 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் மேசைக்குக் குறுக்கே திரை வந்தது. கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது.

போலந்திலும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கமும் சிலர் ஏலத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். பலமான கை வந்தால் பாஸ். ஒன்றுமில்லாத கை வந்தால் ஏதாவது கேட்டே ஆக வேண்டும். தர்க்கப்படி இதில் தவறில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்தவர் அதற்குத் தற்காப்பு யோசிக்க இரண்டு நாள் வேண்டும். உலக பிரிட்ஜ் சம்மேளனம் இவற்றை 'மிக அசாதாரண முறைகள்' என்று தனியாக வகைப்படுத்தி, பெரும்பாலான போட்டிகளில் தடுத்துவிட்டது. முறை சிறந்ததா என்பதைவிட, எதிரணி ஆடக்கூடிய அளவுக்கு அதை விளக்க முடியுமா என்பதே அங்கே அளவுகோல் ஆயிற்று. புத்திசாலித்தனத்துக்குப் போட்ட பூட்டு என்று குறைபட்டவர்கள் உண்டு. மூன்று மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு ஜோடிகளைச் சந்திக்கும் போட்டியில் வேறு வழியும் இல்லை.

சட்டத்தின் நுட்பம், ஒருவர் தன் உடன்பாட்டையே மறந்துபோகும்போது வெளிப்படும். ஒரு நோ டிரம்ப்புக்குப் பிறகு கூட்டாளி 'இரண்டு டைமண்ட்' என்கிறார். எதிரணி கேட்கிறது, திறந்தவர், 'ஆர்ட்டின் ஐந்து சீட்டு' என்று விளக்குகிறார். சொன்னவரோ டிரான்ஸ்ஃபரை மறந்து, நிஜமாகவே டைமண்டைச் சொல்லியிருக்கிறார். விளக்கத்தைக் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. இங்கே எதிரணிக்கு நஷ்டஈடு கிடையாது, ஏனென்றால் அவர்களுக்கு உரியது உடன்பாட்டின் விளக்கம், அது சரியாகவே கிடைத்துவிட்டது. கையில் உள்ள சீட்டின் விளக்கம் அவர்களுக்கு உரியதல்ல. ஆனால் மறந்தவர், கூட்டாளியின் விளக்கம் தன் காதில் விழாததுபோலவே மேற்கொண்டு ஏலம் கேட்க வேண்டும். அதைக் கேட்டுத் திருந்தினால் குற்றம். மறுபுறம், விளக்கமே தவறாக இருந்தால், விளக்கியவரின் கூட்டாளி அதை உரிய நேரத்தில் திருத்தியாக வேண்டும்: ஒப்பந்தத்தை ஆடும் அணி என்றால் முதல் சீட்டு இறங்குவதற்கு முன், தடுக்கும் அணி என்றால் ஆட்டம் முடிந்த பிறகே, ஏனென்றால் நடுவில் திருத்தினால் கூட்டாளி விழித்துக்கொள்வார்.

இல்லாத சீட்டை இருப்பதாகக் கேட்டு எதிரணியை ஏமாற்றுவதையும் சட்டம் அனுமதிக்கிறது. 'சைக்கிக்' என்று அதற்குப் பெயர். 1930களில் டாரத்தி ரைஸ் சிம்ஸ் அதற்குத் தனிப் புத்தகமே எழுதினார். நிபந்தனை ஒன்றே ஒன்று: எதிரணி எவ்வளவு ஏமாறுகிறதோ அவ்வளவு கூட்டாளியும் ஏமாற வேண்டும். ஒருவர் இன்ன இடத்தில் இப்படிச் செய்வார் என்று கூட்டாளிக்குப் பழக்கத்தால் தெரிந்துவிட்டால், வாய் திறந்து பேசாவிட்டாலும் அது உடன்பாடாகிவிடுகிறது. அதையும் எதிரணிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏமாற்று.

(தொடரும்)